குஞ்சரத்துக்கு இரண்டு வயது

மதுரையில் அந்தப் படத்தைப் பார்க்க முடியாதவர்கள் இரண்டே வகை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஒரு வகை. குஞ்சரம் இன்னொரு வகை. இத்தனைக்கும் படத்தில் இருந்தது குஞ்சரத்தின் முகம்.

செய்தியைக் கொண்டுவந்தவள் நஸீமா. எல்லீஸ் நகர் மாதர் மன்றத்துக்குக் குஞ்சரம் தலைவர், நஸீமா செயலாளர். வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவள், அன்று காலை உள்ளே வந்தும் வாய் திறக்காமல் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, எவனோ கட்டையில போறவன் உங்க மூஞ்சிய வெட்டி ஒட்டி ஒரு படம் பண்ணி விட்டுருக்கான். அந்த மாதிரிப் படம். 'பூட்டுக்காரி'ன்னு பேரு வேற வச்சிருக்கான்."

குஞ்சரத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அறுபத்து நாலு வயசுக்காரிய வச்சா? அவனுக்கு வேற ஆளே சிக்கலையாக்கும்?"

நஸீமா சிரிக்கவில்லை. காலண்டரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. அப்போதுதான் குஞ்சரம் சிரிப்பை நிறுத்தினாள்.

பூட்டுக்காரி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. வயது வாசல் சட்டம் வந்ததில் பாதிப் புண்ணியம் குஞ்சரத்துக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன், அப்பாவின் ஃபோனில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்தான். அவன் அம்மா மாதர் மன்றத்துக்கு வந்து அழுதாள். அன்றைக்குக் கிளம்பியவள்தான் குஞ்சரம். கையெழுத்து வாங்கினாள், கலெக்டர் வாசலில் உட்கார்ந்தாள், சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து தொண்டையைப் பதப்படுத்தி வைத்திருந்தவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

எதிர்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பெரியவர்களுக்கான தளங்களுக்குள் போக அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால், யார் எதைப் பார்த்தார்கள் என்பது எங்கேயோ சேரும், சேர்ந்தது ஒருநாள் சந்தைக்கு வரும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் குஞ்சரத்தின் ஒரே மகன் இளம்பரிதியும் ஒருவன். ஓசூரில் வேலை. "பூட்டு போடு, வேணாங்கல. சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளும்மா" என்று ஃபோனில் மல்லுக்கு நிற்பான்.

அந்த வாயையெல்லாம் அடைத்தது ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. மனிதக் கண்ணுக்குள் லென்ஸாக இருக்கும் வில்லை, வயது ஏற ஏற மஞ்சளாகிக்கொண்டே போகும். ஃபோன் கேமரா கண்ணுக்குள் துளி நீல வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருகிற நிறத்தை வைத்து வயதைச் சொல்லிவிடும். பெயர் வேண்டாம், அட்டை வேண்டாம், எதையும் சேமிக்க வேண்டாம். ஆள் யாரென்றே தெரியாது, வயது மட்டும் தெரியும். திரைக்கு முன்னால் எத்தனை கண் இருந்தாலும் அத்தனையையும் பார்க்கும். அதில் ஒன்று பிள்ளைக் கண்ணாக இருந்தால் திரை கறுத்துவிடும். ஹாஸ்டல் வார்டன் மாதிரி எந்நேரமும் முறைத்துக்கொண்டிருந்ததால் ஜனங்கள் அதற்கு 'வார்டன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சட்டம் வந்த சந்தோஷத்தில் தமுக்கம் மைதானத்துப் பக்கம் மேடை போட்டு விழா எடுத்தார்கள். சட்டத்தை எழுதிய குழுவில் குஞ்சரமும் ஓர் உறுப்பினர். அதன் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி திருமலைக்கொழுந்து, குஞ்சரத்துக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கில் சொன்னார். "நானும் இந்த அம்மாவும் ஒரே ஆஸ்பத்திரியில, ஒரே நாள்ல புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு ஆயிருச்சு. அதனாலதான் நாடு போற போக்கு எங்க ரெண்டு பேருக்கும் தெளிவாத் தெரிஞ்சுது!" கூட்டம் கைதட்டியது. குஞ்சரமும் தட்டினாள்.

இப்போது அதே குஞ்சரம் நஸீமாவின் ஃபோனுக்குக் கையை நீட்டினாள்.

"காட்டு. என் மூஞ்சிய நான் பாக்கணும்."

நஸீமா தயங்கித் தயங்கித் திறந்தாள். அவள் கண்ணைப் பார்த்து வார்டன் வழிவிட்டது. குஞ்சரம் எட்டிப் பார்த்ததும் திரை பொசுக்கென்று கறுத்தது. 'அருகில் சிறுவர் உள்ளார்' என்று எழுத்து வந்தது. இரண்டு பேரும் கதவுக்குப் பின்னாலும் சோபாவுக்கு அடியிலும் பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை ஜன்னலில் நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை.

"உங்க ஃபோன்ல பாருங்கக்கா."

குஞ்சரம் தன் ஃபோனைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நீலமாக ஒரு மினுக்கு. அடுத்து ஒரு வெள்ளை முயல் துள்ளி வந்து கையாட்டியது. 'உனக்கு வயது 2! இது பெரியவர்கள் இடம், கண்ணா. போய் விளையாடு!'

அந்த முயல் குஞ்சரத்தின் யோசனை. குழந்தைகளை வார்டன் மிரட்டக் கூடாது, நயமாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குழுவில் சண்டை போட்டு அதைச் சேர்த்தவளே அவள்தான்.

"படம் எப்படிடி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சத்தியமா முழுசாப் பாக்கலக்கா. உங்க முகத்தப் பாத்ததும் மூடிட்டேன்" என்றாள் நஸீமா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அதோட லிங்க்கு எங்க வீட்டு வாட்சப்புலயே சுத்துதுக்கா."

அதற்கப்புறம் குஞ்சரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குள் இருந்தால் சுவர் நெருக்கியது, வெளியே வந்தால் தெரு நெருக்கியது. அயர்ன் வண்டிக்காரர் புடவையைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். முன்பும் இப்படித்தான் கொடுப்பாரா என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வயசுக்கு மரியாதையா, படத்துக்குப் பரிதாபமா? காய்கறிக் கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். ஊரில் எல்லோரும் பார்த்த ஒன்றைத் தான் மட்டும் பார்க்காமல் நடப்பது, முதுகில் யாரோ ஒட்டிவிட்ட காகிதத்தோடு நடப்பதைப் போலிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பெண் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, விளக்கமாகச் சொன்னாள்.

"அம்மா, கம்பெனி வெளிநாட்டுல இருக்கு. நாங்க எழுதினா பதில் வர மாசக்கணக்காகும். ஆனா நம்ம சட்டப்படி, நீக்குற மனுவுக்குன்னு அவங்க தளத்துலயே ஒரு பக்கம் வச்சாகணும். பாதிக்கப்பட்டவங்க உள்ள போய், படத்தப் பாத்து, 'இது நான்தான்'னு சொல்லி முகத்தக் காட்டினா ஒரு மணி நேரத்துல தூக்கிருவாங்க."

"அந்தப் பக்கம் எங்க இருக்கு?"

"வார்டனுக்கு உள்ளதான்மா இருக்கு."

"என்னைய உள்ள விட மாட்டேங்குதே."

சப்-இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த தலை, மூட்டுவலிக்குப் போட்ட உறை, கையில் சீனியர் சிட்டிசன் பஸ் பாஸ். "உங்களுக்குப் பதிலா ரத்த சொந்தம் மனு போடலாம்மா. கார்டியன். பையன் இருக்காரா? அவர் முழுப் படத்தையும் பாத்து, இது எங்கம்மாதான்னு உறுதி சொல்லணும்." சொல்லி முடித்ததும் அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்டியன் பிரிவு. அதுவும் குழுவில் எல்லோரும் சேர்ந்து எழுதியதுதான். ஒரு பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் கார்டியன் மனு போடலாம். ஒரு பிள்ளை வார்டனை ஏமாற்றி உள்ளே போய்ச் சிக்கினால் கார்டியனுக்கே தகவல் போகும். பெரியவர்கள் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குஞ்சரம் மேஜையைத் தட்டிப் பேசியது அவள் காதிலேயே கேட்டது.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் தெய்வேந்திரன் கண்ணாடிக் கடைக்குப் போனாள். இருபது வருஷமாக அவரிடம்தான் கண்ணாடி. அவளை உட்கார வைத்து, கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லம்மா. புரை ஆபரேஷன்ல என்ன பண்றாங்க? மஞ்சப் பூத்துப்போன நம்ம வில்லைய எடுத்துட்டுப் புது பிளாஸ்டிக் வில்லைய வைக்கிறாங்க. அது பச்சப்புள்ள கண்ணு மாதிரி தெளிவா இருக்கும். வார்டன் நிறத்த வச்சுத்தானே வயசு சொல்லுது? அது கணக்குல நீங்க போன வருஷம்தான் நடக்கக் கத்துக்கிட்டீங்க."

"அப்ப ஆபரேஷன் பண்ணின எல்லாருக்கும் இதே கதிதானா?"

"எல்லாருக்கும்தான். அதுவும் மதுரையில! வீட்டுக்கு வீடு புரை ஆபரேஷன் பண்ணின ஆளு இருக்கு."

"சட்டம் வந்து மூணு வருஷமாச்சு, ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

தெய்வேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "யாரும்மா சொல்லுவா? 'ஐயா, நான் அந்தப் படம் பாக்கப் போனேன், உள்ள விடல'ன்னு பேரன் பேத்தி எடுத்த மனுசன் போயி மனு குடுப்பாரா? பொம்பளைங்க பத்திச் சொல்லவே வேணாம். முயலு கையாட்டுச்சுன்னா கம்முனு ஃபோன மூடி வச்சிட்டுச் சாமி படத்தப் பாப்பாங்க."

குஞ்சரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவளே பெருமையாகச் சொன்ன வாக்கியம் அது. மூன்று வருஷத்தில் ஒரு மேல்முறையீடுகூட வரவில்லை, வார்டனுக்குப் பிழையே கிடையாது. புகார் சொல்ல வேண்டுமென்றால் முதலில் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"வழி ஒண்ணு இருக்கு" என்று தெய்வேந்திரன் குரலைத் தாழ்த்தினார். கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மஞ்சள் நிறக் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். "நைட் டிரைவிங் கண்ணாடி. இந்த மஞ்சள் வழியாப் பாத்தா வார்டன் அறுவது வயசுன்னு சொல்லும்."

"இத யாரு வாங்குறா?"

"கோவிச்சுக்காதீங்க. சைக்கிள்கூட நேரா ஓட்டத் தெரியாத பயலுகதான் கூட்டமா வந்து நைட் டிரைவிங் கண்ணாடி கேக்குறானுங்க. நான் குடுக்குறதில்ல. ஆனா நான் குடுக்கலேன்னா ஆன்லைன்ல வாங்கிக்கிறானுங்க."

குஞ்சரம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும். யாருக்காக அலைந்தாளோ அவர்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். வெளியே நிற்பது அவள். வயிற்றெரிச்சலில் அழுகைகூட வரவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்று எழுந்துவிட்டாள். பிள்ளைகள் செய்கிற திருட்டுத்தனத்தைச் செய்து, தான் கட்டிய வாசலைத் தானே ஏமாற்றி உள்ளே போவதா? மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கொரு மன்றம் இருக்கிறது. முறைப்படி போவோம் என்று ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோ பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசலில் நின்றபோது மகன் ஃபோன் பண்ணினான். வாரநாளில் பகலில் கூப்பிடுகிறவன் இல்லை.

"சாப்பிட்டியாம்மா?"

"ம். நீ?"

"ம்."

குஞ்சரம் ஹாரன் சத்தத்துக்கு இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு ஆள் எதையோ சொல்லத் தயங்கும்போது லைனில் என்ன கேட்கும் என்பது முப்பது வருஷம் இணைப்பகத்தில் இருந்தவளுக்குத் தெரியும்.

"அம்மா, நான் எதையும் பாக்கல. பாக்கவும் மாட்டேன்" என்றான் இளம்பரிதி. "நான் மனு போட்டாத்தான் எடுப்பாங்கன்னா சொல்லு, பாக்குறேன். நீ சொல்லாதவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

இவனைப் பெற்றவள் என்று அவளுக்கு அப்படியொரு பெருமையும், அப்படியொரு வேதனையும் சேர்ந்து வந்தன. இந்தப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது. பொய்யென்று தெரிந்தாலும் பார்த்தது பார்த்ததுதான். அதற்கப்புறம் இவன் தீபாவளிக்கு வந்து காலில் விழும்போது என்ன நினைத்துக்கொண்டு விழுவான்?

"நீ பாக்க வேணாம்யா" என்றாள். "அம்மா பாத்துக்குறேன்."

மேல்முறையீட்டு மன்றம் கே.கே. நகரில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. வெளியே பெஞ்சுகள் புத்தம் புதிதாக இருந்தன, யாரும் உட்காராததால். உள்ளே மன்றத்தின் தலைவர் திருமலைக்கொழுந்து தனியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. விஷயம் எனக்கும் தெரியும். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

குஞ்சரம் மனுவை நீட்டினாள். ஒரே பக்கம். கண் ஆபரேஷன் செய்தவர்களை வார்டன் குழந்தை என்கிறது, எனக்கு விலக்குக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு மேஜையில் வைத்து, அதன்மேல் பேப்பர் வெயிட்டையும் வைத்தார்.

"விலக்குன்னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கிடையாதேம்மா. மந்திரிக்கும் கிடையாது, போலீசுக்கும் கிடையாது, இந்த மன்றத்துக்கும் கிடையாது. அதுதானே அதோட பெருமை? ஒருத்தருக்குக் கதவத் திறந்தா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க. கார்டியன் பிரிவு இருக்கு. தம்பிய வரச் சொல்லுங்க."

"என் பையன் அதப் பாக்கணுமா சார்?"

"சட்டம் அப்படி இருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"மெஷின் தப்புன்னு எழுதுங்க சார். அது போதும்."

"மூணு வருஷமா பிழை பூஜ்யம். ஒரே ஒரு மனுவ வச்சுக்கிட்டு அத எப்படி மாத்துறது?" என்றவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஆறுதல் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. "இத நீங்க இவ்வளவு பெருசா எடுத்துக்க வேணாம்மா. நானே பாத்தேன். படம் ரொம்ப மட்டமா இருக்கு. கழுத்துல ஒட்டு தெரியுது. கொஞ்சம் கவனிச்சா யாருக்கும் பொய்யின்னு தெரிஞ்சுரும்."

அவரும் பார்த்திருக்கிறார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்த மனிதரிடமா மனுவோடு வந்தோம் என்று எழுந்து போகக் காலை ஊன்றியவள், ஊன்றிய இடத்திலேயே நின்றாள்.

"எந்த ஃபோன்ல பாத்தீங்க சார்?"

"என் ஃபோன்லதான்."

"கூட யாராவது இருந்து திறந்து குடுத்தாங்களா?"

"அசிங்கம்மா. இதையெல்லாம் ஆள வச்சுக்கிட்டா பாப்பாங்க? கடமைக்காகத் தனியாப் பாத்தேன்."

"நீங்களும் நானும் ஒரே நாள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கன்னு மேடையில சொன்னீங்களே சார்" என்றாள் குஞ்சரம். "ரெண்டு கண்ணும்னு சொன்னீங்க."

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி செய்தித்தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். கடைசியில் மேஜை டிராயரை இழுத்து, அதிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். உள்ளே மஞ்சள் கண்ணாடி. காதில் மாட்டும் கம்பி, ரொம்ப நாள் போட்டுப் போட்டு வெளுத்திருந்தது.

"எழுபத்தொரு வயசும்மா எனக்கு. அவ போயி எட்டு வருஷம் ஆச்சு. மகன் வெளியூர்ல, வீட்ல நான் மட்டும்தான்" என்றார், அவளைப் பார்க்காமல். "இதப் போட்டுக்கிட்டு இங்கயே மனுவ முடிச்சுக்கங்க. நான் வெளிய நிக்கிறேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு குஞ்சரம் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தெய்வேந்திரன் கடையில் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தது. இப்போது சட்டத்தின் மேஜையிலிருந்தே வந்திருக்கிறது. மகன் முகத்தை நினைத்துக்கொண்டு மாட்டினாள். அறை முழுக்க மஞ்சளாகியது. ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். முயல் வரவில்லை. 'வயது 60க்கு மேல். உள்ளே வரலாம்.'

படம் ஓடியது. அவளுடைய முகம்தான். அவளுக்கே உரிய சிரிப்பு, மேடையில் பொன்னாடை போர்த்தும்போது சிரித்த அதே சிரிப்பை எடுத்து ஒட்டியிருந்தான் படுபாவி. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. ஊர் பார்த்ததை அவளும் பார்த்தே தீர வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவள் பார்வை முகத்தைவிட்டு இறங்கிவிட்டது. முகத்துக்குக் கீழே இருந்தது வேறொரு பெண். சின்ன வயசு, முப்பது இருக்கும். வலது முன்கையில் நீளவாக்கில் ஒரு தழும்பு. அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு. குஞ்சரத்துக்கே அப்படி இரண்டு உண்டு. இவள் யாரோ, எந்த ஊரோ. இவள் முகத்தை அறுத்து எங்கே போட்டான்? குஞ்சரத்துக்காவது முகம் இருந்தது, மனு போட வந்துவிட்டாள். இந்தப் பெண் எதைக் காட்டி மனு போடுவாள்?

நீக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி. 'இதில் இருப்பது நீங்களா?'

நான் இல்லை என்பதைச் சொல்லத்தான் அவள் இத்தனை தூரம் அலைந்தாள். அந்தத் தழும்பை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு 'ஆம்' என்பதை அழுத்தினாள். தனக்கும் சேர்த்து, அவளுக்கும் சேர்த்து.

நீதிபதி திரும்பி வந்தபோது மஞ்சள் கண்ணாடி கூட்டுக்குள் இருந்தது. "முடிஞ்சுதா? நல்லது" என்று மூச்சு விட்டார். "நமக்குள்ளயே இருக்கட்டும்மா. தம்பிக்கும் சங்கடம் இல்ல, உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"உங்க மகன் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள் குஞ்சரம்.

"எதுக்கு?"

"வார்டன் கணக்குல உங்களுக்கு ரெண்டு வயசு. சின்னப்புள்ள கண்ணாடி போட்டு ஏமாத்தி உள்ள போனா கார்டியன்கிட்டதான் சொல்லணும். நாம எழுதினதுதானே?"

திருமலைக்கொழுந்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைக் குஞ்சரத்துக்கு அடையாளம் தெரிந்தது. காலையில் நஸீமா போன பிறகு, முகம் கழுவப் போன இடத்தில் கண்ணாடியில் பார்த்த முகம்தான். பரிதாபம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, கோபம்தான் ஒரு கை கூடுதல்.

"நீங்க பாத்ததப் பத்தி எனக்கு ஒரு பேச்சும் இல்ல சார். எழுபத்தொரு வயசு மனுசன், அது உங்க பாடு. ஆனா முயலு உங்களுக்கும் கையாட்டிருக்கு. அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், மெஷின் தப்புன்னு. தெரிஞ்சுக்கிட்டே டிராயருக்குள்ள கண்ணாடிய வச்சுக்கிட்டு, மூணு வருஷமா பூஜ்யம் பூஜ்யம்னு எழுதினீங்க. நான் அத ஊரெல்லாம் போய்ச் சொன்னேன். இன்னைக்கு என் புள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தார். வெளியே எங்கேயோ பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் கத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதில் எத்தனை பேர் பையில் மஞ்சள் கண்ணாடி இருக்குமோ என்று குஞ்சரத்துக்கு மறுபடியும் மனசு பரபரத்தது. இந்தச் சட்டத்தை வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. பொய்யாக எழுதிய பூஜ்யத்தை வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

பேப்பர் வெயிட்டை நகர்த்தித் தன் மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஒண்ணு. ஒரே மனுவ வச்சுக்கிட்டு மாத்த முடியாதுன்னு சொன்னீங்க."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்னதான்மா வேணும் உங்களுக்கு?"

"ஒரு வெள்ளைத்தாள் சார்" என்றாள் குஞ்சரம். "எனக்கில்ல. நீங்க எழுதுறதுக்கு."